வீட்டிலிருந்தே ஓட்டு: படிவம் 12டி பற்றி நான் தெரிந்துகொண்டவை

தேர்தல் நெருங்கினால் என் போனுக்கு ஒரே மாதிரி அழைப்புகள் வரும். "அண்ணா, அம்மாவால படி இறங்க முடியாது. வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குறாங்களாமே, அதுக்கு என்னண்ணா பண்ணணும்?" கேட்பவர்கள் பெரும்பாலும் வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம், நாலு நாள் இருக்கும்போதுதான் கேட்பார்கள். அதற்கு விண்ணப்பிக்கும் படிவம்தான் 12டி. அவர்கள் கேட்பதற்குள் அதைக் கொடுக்கும் கெடு முடிந்து வெகு நாளாகியிருக்கும். முடியாது என்று சொல்ல மனசே வராது. அதனால்தான் தேர்தல் சத்தம் இல்லாத நேரத்தில் இதை எழுதி வைக்கிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். துறைமுகத்தில் கன்டெய்னர் லாஷிங், அதாவது கப்பலில் கன்டெய்னர்களைக் கட்டும் வேலை பார்த்தவன். மேலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீல்சேர் வீட்டுக்குள் ஓடும், வாசல்வரை ஓடும், அதோடு சரி. லிஃப்ட் கிடையாது. எதிரே ஒருவர் ஏறி வந்தால் இறங்குகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படிக்கட்டு எங்களுடையது. பிழைப்புக்கு அக்கம்பக்கத்தாருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிறேன். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, கரன்ட் பில், ஓய்வூதியம், அப்புறம் வாக்காளர் பட்டியல் வேலைகள். இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் ஆழமாகத் தெரிய வந்தது அப்படித்தான்.

2021 சட்டமன்றத் தேர்தலில், ஏப்ரல் 6 அன்று, நான் வாக்குச்சாவடிக்குத்தான் போனேன். மாற்றுத்திறனாளிகள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்று தமிழ்நாட்டில் அந்த முறை வசதி வந்திருந்தது. எங்கள் பக்கம் யாரும் படிவம் கொண்டு வரவில்லை. டிவியில் பார்த்துவிட்டு விசாரித்தபோது கடைசித் தேதி போய்விட்டது. அதற்காக ஓட்டை விட முடியுமா? முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். போன இடத்தில் சிறுநீர்ப் பை நிரம்பிவிட்டால் எங்கே காலி செய்வது? காலையில் பக்கத்து வீட்டுப் பையன்கள் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைத் துண்டால் கட்டி இறக்கினார்கள். மாடிப்படி திரும்பும் இடத்தில் நாற்காலி திரும்பாது. ஒருவன் பின்பக்கம் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவன் என் இரண்டு காலையும் அணைத்துத் தூக்கிக்கொள்ள, என் முழங்கை சுவரில் உரசிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான், வேண்டியவர்கள்தான். ஆனாலும் நாற்பது வயது தாண்டிய ஆம்பளை மூட்டை மாதிரி இறங்கிப் போவதைத் தெருவே பார்ப்பது எப்படி இருக்கும் என்று அந்த இடத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் சாய்தளம் இருந்தது, அரசு வீல்சேர் இருந்தது, தள்ளிவிட ஒரு தன்னார்வலர் தம்பியும் இருந்தார். கொரோனா நேரம் என்பதால் கைக்குப் பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். வகுப்பறை நிலைப்படியில் மட்டும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. உள்ளே போனால் மேசை உயரம். வீல்சேரில் உட்கார்ந்தபடி கை நீட்டினால் இயந்திரத்தின் மேல்வரிசைப் பொத்தான்கள் எட்டவில்லை. "எதுண்ணா, நான் அமுக்கட்டுமா?" என்று அந்தத் தம்பி அட்டை மறைப்புக்குள் தலையை நீட்டினார். உதவுகிற எண்ணத்தில்தான் கேட்டார். வேண்டாம் தம்பி என்று சொல்லி, வாக்குச்சாவடித் தலைமை அலுவலரைக் கூப்பிட்டு, இயந்திரத்தை மேசை விளிம்புக்கு நகர்த்தி வைக்கச் சொன்னேன். நகர்த்தினார்கள். நானே அமுக்கினேன். சாவடிக்குப் போகிற வீல்சேர்க்காரர்கள் இதைத் தயங்காமல் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, எல்லா வாக்குச்சாவடிகளும் தேர்தல் சம்பந்தப்பட்ட எல்லாப் பொருள்களும் நமக்கு அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதற்குப் பொறுப்பு தேர்தல் ஆணையம். இது யாரும் நமக்குச் செய்யும் தயவு கிடையாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்ததும் யோசித்தது ஒன்றுதான். என்னைத் தூக்க ஆள் இருந்தார்கள், நான் ஓட்டுப் போட்டேன். ஆள் இல்லாதவர்கள்?

வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் முறைக்கு வழி செய்தது 2019 அக்டோபரில் தேர்தல் நடத்தும் விதிகளில் வந்த திருத்தம். முதலில் அந்த வருடம் ஜார்க்கண்ட் சட்டமன்றத் தேர்தலில் செய்து பார்த்தார்கள். 2021-இல் இங்கே வந்தது. 2024-இல்தான் முதல் முறையாக நாடு முழுக்க மக்களவைத் தேர்தலில் கொண்டு வந்தார்கள். ஆரம்பத்தில் 80 வயது தாண்டியவர்களுக்கு என்று இருந்ததை 2024 மார்ச்சில் 85 ஆக்கிவிட்டார்கள். 2021-இல் 80 என்று கேள்விப்பட்டவர்கள் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 82 வயது ஆயாவுக்குப் படிவம் கேட்டு வந்த குடும்பத்தை நான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஆக இப்போதைக்குத் தகுதி இரண்டு வகை. 85 வயது நிரம்பியிருக்க வேண்டும், அல்லது 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்றிதழ் இருக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பகுதியில் அதிகம் பேர் விழுகிறார்கள். எங்கள் பிளாக்கில் கீழ் வீட்டுப் பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. படுக்கையிலேயேதான் எல்லாம். 85 ஆகவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழும் இல்லை, ஏனென்றால் அவர் குடும்பத்துக்கு அது வியாதி, ஊனம் என்ற கணக்கிலேயே அதை யாரும் யோசிக்கவில்லை. பக்கவாதத்தால் கை கால் இழந்தவர், சர்க்கரையால் கால் எடுத்தவர், வயதான பிறகு பார்வை போனவர் எல்லாருமே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனையில் மருத்துவர் பரிசோதித்து சதவீதம் போட்டுத் தருவார். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அதன் பேரில்தான் வரும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் ஆகாது. ஓட்டுக்காக என்றில்லை, பராமரிப்பு உதவித்தொகை, பஸ், ரயில் சலுகை எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான் அடிப்படை. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. வாக்காளர் பட்டியலிலும் நம் பெயரோடு மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு சேர்ந்திருப்பது நல்லது. வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது நம் பி.எல்.ஓ., 12டி படிவத்தை எடுத்துக்கொண்டு எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அந்தக் குறிப்பை வைத்துத்தான் தெரியும். 2021-இல் என் வீட்டுக்கு யாரும் வராததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குறிப்பு சேர்க்க வேண்டிய படிவம் 8. முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் இருக்கும் அதே படிவம்தான். அதில் மாற்றுத்திறனாளி எனக் குறிக்க ஒரு பகுதி இருக்கிறது. ஆன்லைனில் போடலாம், பி.எல்.ஓ.விடம் கொடுக்கலாம், பட்டியல் திருத்தச் சமயத்தில் சனி ஞாயிறு முகாம்களிலும் கொடுக்கலாம்.

முகவரி என்றதும் வடசென்னைக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பழைய போர்டு கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்போது குடும்பங்கள் வாடகைக்கு எங்கெங்கோ போய்விடுகின்றன. கரையோரக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஓட்டு மட்டும் இங்கேயே கிடக்கும். நடக்க முடிந்தவர்கள் தேர்தல் அன்று இரண்டு பஸ் மாறி வந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். படுக்கையில் இருப்பவருக்கு அது முடியுமா? வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கும் அலுவலர் குழு பழைய முகவரிக்கு வந்து தேடினால் அங்கே கட்டடமே இருக்காது. முதலில் ஓட்டைப் புது முகவரிக்கு மாற்றுங்கள். இந்த ஏரியா ஓட்டை விட மனசில்லை என்று பலர் சொல்வது எனக்குப் புரிகிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் போட முடியாத ஓட்டு எந்த ஏரியாவில் இருந்து என்ன பயன்?

இனி கெடு. எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். தேர்தல் தேதி அறிவிப்பு ஒரு நாள் வரும், முறையான அறிவிக்கை வேறொரு நாள் வரும். அந்த அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பூர்த்தி செய்த 12டி தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 2024 கணக்கைப் பாருங்கள். மார்ச் 16 தேதிகளை அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கான அறிவிக்கை மார்ச் 20. படிவத்துக்குக் கடைசி நாள் மார்ச் 25. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதாவது ஓட்டுப் போடுவதற்கு மூன்று வாரத்துக்கும் மேல் இருக்கும்போதே இந்த வேலை முடிந்துவிடுகிறது. கூட்டணியே முழுசாக முடிவாகாத நேரம் அது. தெருவில் ஒரு மைக் சத்தம் கூடக் கேட்டிருக்காது.

எங்கள் பி.எல்.ஓ. ஒரு அங்கன்வாடி அக்கா. 2024-இல் அவரே படியேறி வந்தார், மூச்சு வாங்க உட்கார்ந்து, பையிலிருந்து படிவத்தை எடுத்தார். பெயர், முகவரி, வாக்காளர் அட்டை எண், பட்டியலில் நம் பாகம் எண், வரிசை எண், போன் நம்பர், கையெழுத்து, கூடவே சான்றிதழ் நகல். அவ்வளவுதான் படிவம். நகல்களை நான் முன்பே தயாராக எடுத்து வைத்திருந்தேன், ஏனென்றால் ஜெராக்ஸ் எடுக்க ஆளை அனுப்பி அவர் வரும்வரை பி.எல்.ஓ. காத்திருக்க மாட்டார், அவருக்கு அன்றைக்கே இன்னும் பத்து வீடு இருக்கும். பாகம் எண்ணும் வரிசை எண்ணும் பட்டியல் புதுப்பிக்கும்போது மாறக்கூடியவை. பழைய பூத் சிலிப்பைப் பார்த்து எழுதாதீர்கள், தேர்தல் ஆணைய இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்து எழுதுங்கள். கொடுத்ததும் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் வரவில்லை என்றால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம். தேர்தல் உதவி எண் 1950-க்குப் போன் போடுங்கள், உங்கள் பாகத்தின் பி.எல்.ஓ. நம்பரை வாங்கி அவரைக் கூப்பிடுங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு விஷயத்தை நன்றாக யோசிக்க வேண்டும். 12டி ஏற்கப்பட்டுவிட்டால் வாக்குச்சாவடிப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அதன் பிறகு மனசு மாறி சாவடிக்குப் போனால் ஓட்டுப் போட விட மாட்டார்கள். குழு வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை என்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லை என்றால் அந்தத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு இல்லை. டயாலிசிஸ் போகிறவர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு மாதா மாதம் மருந்து வாங்கப் போகிறவர்கள், குழு வரும் நாள் தெரிந்ததும் அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எல்லா மாற்றுத்திறனாளிக்கும் வீட்டு ஓட்டுதான் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். வியாசர்பாடியில் எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர், பிறவியிலேயே பார்வையற்றவர், மின்சார ரயிலில் வியாபாரம் செய்கிறார். 2024-இல் அவர் 12டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணத்தை அவர் சொன்னபோதுதான் எனக்கும் உறைத்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிரெயில் எண்கள் இருக்கின்றன. சாவடியில் வேட்பாளர் பெயர்கள் பிரெயிலில் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கித் தடவிப் படித்து, எண்ணை மனசில் வைத்துக்கொண்டு, உள்ளே போய்த் தானே அமுக்கலாம். தபால் ஓட்டு அப்படியில்லை, அது சாதாரண அச்சுத் தாள். பேனாவால் குறியிட வேண்டும். "வீட்ல போட்டா எவனாவது ஒருத்தன் என் ஓட்டைப் பார்த்தே ஆகணும். பூத்துல போட்டா நான் மட்டும்தான்" என்றார். வடசென்னையில் அந்த முறை வேட்பாளர்கள் முப்பதுக்கும் மேல், இயந்திரங்கள் மூன்றை வரிசையாக வைத்திருந்தார்கள். எந்த இயந்திரம் முதலாவது என்று அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிதானமாகத் தடவிப் பார்த்துப் போட்டதாகச் சொன்னார். பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்களாம். அவர் அவசரப்படவில்லை. அச்சாகும் ஒப்புகைச் சீட்டை மற்றவர்கள் ஏழு விநாடி கண்ணாடி வழியே பார்க்கிறார்களே, அதைச் சரிபார்க்க மட்டும் அவருக்கு வழியில்லை. பீப் சத்தம் ஒன்றுதான் அவருக்குச் சாட்சி.

நடக்க முடியும், கண் தெரியவில்லை என்றால் சாவடி. உடம்பை அசைக்க முடியாது, கை எழுதும் என்றால் வீடு. என் அபிப்பிராயம் இது. சாவடிக்குப் போக நினைப்பவர்கள் தேர்தல் ஆணையத்தின் ஆப்பில் (2024-இல் அது சக்ஷம்) முன்கூட்டியே வீல்சேருக்கும் போக்குவரத்துக்கும் கோரிக்கை பதிவு செய்யலாம்.

என் வீட்டுக்குக் குழு வந்தது ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் இருக்கும்போது. முதல் நாளே போனில் தகவல் வந்தது. அலுவலர்கள், வீடியோ எடுக்கும் தம்பி, ஒரு போலீஸ்காரர் என்று எங்கள் பத்துக்குப் பத்து ரூம் நிறைந்துவிட்டது. வீடியோ எடுப்பதைப் பார்த்து என் மனைவி மிரண்டாள். ஓட்டுப் போடுவதை எடுக்க மாட்டார்கள், நடைமுறை ஒழுங்காக நடந்ததற்கு ஆதாரமாகத்தான் என்று அலுவலரம்மா விளக்கினார். அட்டையை எடுத்துக் காட்டினேன். உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கி அவர் சான்றொப்பம் போட்டார். வாக்குச்சீட்டை நீட்டினார். அவ்வளவு நீளமான சீட்டை நான் எதிர்பார்க்கவில்லை, மடியில் வைத்தால் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. பரீட்சை அட்டை ஒன்று வைத்திருந்ததால் எழுத வசதியாக இருந்தது. நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அட்டை மறைப்பை என் முன்னால் வைத்தார்கள். மறைப்பு மூன்று பக்கம்தான். நான்காவது பக்கம் என் முதுகு, முதுகுக்குப் பின்னால் சமையல்கட்டு, அங்கே மனைவி, மச்சான், மச்சானின் பையன். வாசலில் ஒரு கட்சிக்காரத் தம்பி வேறு நின்றிருந்தார். குழு எந்த நாளில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதை வேட்பாளர்களுக்குத் தெரிவிப்பார்கள், அவர்கள் தரப்பு ஆள் கூட வரலாம். வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதில் தப்பில்லை. அதனால் என்ன ஆகிறதென்றால், யார் வீட்டில் ஓட்டு இருக்கிறது என்பது எல்லாக் கட்சிக்கும் தெரிந்துவிடுகிறது. முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரால் இடைத்தேர்தலே ரத்தான ஆர்.கே. நகர் தொகுதி எங்களுடையது. இங்கே ஒரு ஓட்டு எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவது சின்ன விஷயமில்லை.

நான் அலுவலரம்மாவிடம், "மேடம், எல்லாரையும் வெளியே அனுப்புங்க" என்றேன். அவரும் ஒரு வார்த்தை மறுக்காமல் என் வீட்டு ஆட்களையும் சேர்த்தே வாசலுக்கு அனுப்பினார். மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க கிட்ட கூடவா மாமா?" என்றான். ஆமாம், உங்க கிட்ட கூடத்தான் என்றேன். வீல்சேரைத் திருப்பி முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பெயர்களை மேலிருந்து கீழே ஒரு தடவை முழுக்கப் படித்து, குறியிட்டேன். மடித்தேன். சின்ன உறையில் போட்டு ஒட்டினேன். உறுதிமொழித் தாளோடு சேர்த்துப் பெரிய உறையில் போட்டு அதையும் ஒட்டினேன். அவர்கள் கொண்டு வந்த பெட்டியில் நானே போட்டேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாவடியில் நம் ரகசியத்தைக் காக்க அலுவலர்கள், ஏஜென்டுகள், விதிகள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. வீட்டில் நம்மைக் குளிப்பாட்டுகிறவர், சோறு ஊட்டுகிறவர், மாத்திரைக்குக் காசு கொடுக்கிறவர்தான் பக்கத்தில் நிற்கிறார். அவர் கண் முன்னால் அவருக்குப் பிடிக்காத சின்னத்தில் குறியிட எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? பார்த்துக்கொள்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் வெளியே போய் நிற்க வேண்டும் என்கிறேன். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று எவரையும் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்க முடியாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு சொல்கிறது. கோர்ட்டிலேயே கேட்க முடியாத கேள்வியைச் சமையல்கட்டிலிருந்து எப்படிக் கேட்பது?

கொருக்குப்பேட்டையில் ஒரு பெண், மூளை முடக்குவாதம், முப்பது வயது இருக்கும். பேச்சு தெளிவாக வராது, கைகள் சொன்னபடி கேட்காது. ஆனால் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் செய்தி பார்ப்பாள், போனில் மூக்கால் தட்டி எனக்கு மெசேஜ் அனுப்புவாள். அவளுக்கு 12டி நான்தான் பூர்த்தி செய்தேன். குழு வந்த நாளில் நடந்ததை அவள் அம்மா பிறகு என்னிடம் சொன்னார். அம்மா இயல்பாகவே, "அதுக்கு ஒண்ணும் தெரியாது சார், நானே போட்டுடறேன்" என்று பேனாவுக்குக் கை நீட்டியிருக்கிறார். காலமெல்லாம் எல்லாவற்றையும் மகளுக்குப் பதிலாகச் செய்து பழகிய கை அது. வந்திருந்த அலுவலர் பேனாவைக் கொடுக்கவில்லை. மகளைப் பார்த்து, "உங்களுக்கு உதவ யாரு வேணும்மா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அவள் சித்தி மகளைப் பார்த்திருக்கிறாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

குறியிட முடியாதவர்கள் 18 வயது நிரம்பிய ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், அவர் யார் என்பதை வாக்காளர்தான் முடிவு செய்வார். சித்தி மகள் சீட்டில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டே வர, ஒரு இடத்தில் அந்தப் பெண் சத்தம் கொடுத்திருக்கிறாள். சரியா என்று திரும்ப அதே இடத்தில் விரலை வைத்துக் கேட்டிருக்கிறாள் தங்கச்சி. தலையாட்டல். முடிந்தது. அம்மா அழுதுகொண்டேதான் இதை எனக்குச் சொன்னார். கோபத்தில் அழுதாரா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி அந்தப் பெண்ணிடமிருந்து எனக்கு வந்த மெசேஜில் ஒரே வார்த்தை இருந்தது: "போட்டுட்டேன்."

அந்த அலுவலர் மாதிரி எல்லாரும் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இன்னொரு வீட்டில் பேரனே சீட்டை வாங்கிக் குறியிட்டுப் பாட்டியின் பெருவிரலை மட்டும் பிடித்து வைத்ததாகக் கேள்விப்பட்டேன், பார்த்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அதனால் குழு வருவதற்கு முந்தின நாளே வீட்டில் பேசி வையுங்கள். யார் உதவுவது, யார் வெளியே நிற்பது, எங்கே உட்காருவது, எல்லாவற்றையும். வந்த பிறகு பேசினால் சண்டையாகும், வெட்கம் வரும், விட்டுக்கொடுத்துவிடுவோம். உதவுகிறவர் வாக்காளர் காட்டிய இடத்தில் குறியிட வேண்டும், வெளியில் வாயைத் திறக்கக் கூடாது.

செல்லாத ஓட்டாகிவிடாமல் இருக்கவும் கொஞ்சம் கவனம் வேண்டும். தபால் ஓட்டை எண்ணும்போது முதலில் உறுதிமொழித் தாளைத்தான் பார்ப்பார்கள். அதில் கையெழுத்தோ அலுவலரின் சான்றொப்பமோ இல்லை என்றாலும், அதில் எழுதிய சீட்டு எண்ணும் உறையின் மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றாலும் ஓட்டு உறைக்குள்ளேயே செத்துவிடும், பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். எண்ணை நீங்களும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் உறுதிமொழித் தாளில் மட்டும் வைக்க வேண்டும். வாக்குச்சீட்டில் கைநாட்டு, பெயர், கையெழுத்து எதுவும் இருக்கக் கூடாது, ஆளை அடையாளம் காட்டும் எந்தக் குறி இருந்தாலும் சீட்டு தள்ளுபடி. இரண்டு பேருக்குக் குறியிட்டாலும் தள்ளுபடி. கை நடுங்குகிறவர்கள் குறி பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடாமல் சின்னதாகப் போடுங்கள். விரலில் மை, எண்ணெய் இருந்தால் துடைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் இன்னும் மாற வேண்டியவை இருக்கின்றன. ஐந்து நாள் என்பது நடமாட முடியாதவர்களுக்கு மிகக் குறைவு. பட்டியலில் மாற்றுத்திறனாளி என்று ஒரு முறை குறித்தவருக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக 12டி எதற்கு? விருப்பத்தை ஒரு முறை பதிந்துகொண்டால் போதாதா? பார்வையற்றவர் வீட்டில் இருந்தபடி யாருடைய கண்ணும் படாமல் குறியிட, சீட்டின் மேல் வைத்துத் தடவிப் பார்க்க ஒரு பிரெயில் அட்டை இருந்தால் போதும். படுத்த படுக்கையில் இருக்கும் பார்வையற்றவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சாவடியும் இல்லை, ரகசியமும் இல்லை என்றால் நியாயமா?

இன்னொன்று, 12டி மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும்தான். அவற்றை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதன் விதிகள் வேறு. 2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது எனக்கு வீட்டில் ஓட்டுப் போட வழி கிடைக்கவில்லை, மறுபடி நாற்காலியில்தான் இறங்கினேன். சாக்கடை அடைப்பு, தெரு விளக்கு, எங்கள் பிளாக் வாசலில் ஒரு சாய்தளம் என்று என் அன்றாடத்தைத் தீர்மானிப்பது வார்டு கவுன்சிலர்தான். அவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் நான் தெருவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. 11-ஆம் பிரிவு மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதைக் காட்டி ஒரு மனு எழுதி, எங்கள் பகுதி மாற்றுத்திறனாளிகள் சிலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். திருவொற்றியூர், ராயபுரம், பெரம்பூர், கொளத்தூர் பக்கம் இருப்பவர்களும் இதே மாதிரி எழுதி அனுப்புங்கள். ஒரு தெருவிலிருந்து வரும் மனுவை ஓரமாக வைத்துவிடலாம், எல்லா வார்டிலிருந்தும் வந்தால் அவ்வளவு சுலபமாக வைக்க முடியாது.